பூஜைக்குப் போன பிளாப்பி

தனபாலன் சார் இறந்துபோன செய்தியை, எங்களோடு வேலை பார்த்த ஜாபர்தான் போனில் சொன்னான். காலை நேரம், அடுப்பில் பால் வைத்திருந்தேன். "அக்கா, நம்ம சிஸ்டம் சார் போயிட்டாருக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். "அப்படியா" என்றேன். பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன். ஜாபர், "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்டான். "இருக்கேன்டா, எனக்கென்ன" என்றேன்.

பிறகு ஒருநாள் அவனே மறுபடி கூப்பிட்டான். அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள், அவரிடம் வேலை வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "நீங்களும் நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்றான்.

"நாலு வார்த்தை இருக்கு. நல்லதான்னு நீ பாத்துக்க."

அவன் சிரிக்கவில்லை. "சரிக்கா, எழுதுங்க. போடுறது என் பொறுப்பு" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மலரில் மற்றவர்கள் எழுதியதை ஜாபர் எனக்குப் படித்துக் காட்டினான். ஒழுங்கு என்றால் தனபாலன், கண்டிப்பு என்றால் தனபாலன், அவர் கைபட்ட மெஷின் கெட்டதே இல்லை என்று ஆளுக்கு ஆள் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள்தான் நானும். ஆனால் உயிரோடு இருக்கிற என்னைப் பற்றி இந்த ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியபோது அந்த மரியாதையை எனக்கு யாரும் காட்டவில்லை. "பிளாப்பியைக் கெடுத்த பொண்ணு" என்றால் அன்றைக்கு மதுரையில் கம்ப்யூட்டர் வேலை தெரிந்த அத்தனை பேருக்கும் சுலோச்சனா என்றுதான் அர்த்தம். கெடுத்தது நான் இல்லை. யார் என்று தனபாலன் சாருக்குத் தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு கேள்விதான் இத்தனை வருஷமாக எனக்கு அவரோடு இருந்த பாக்கி.

எண்பதுகளின் பின்பாதியில் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் அந்த கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். மில்களும் பள்ளிக்கூடங்களும் தங்கள் கணக்கு வழக்குகளைக் கொடுத்து அச்சடித்து வாங்கிப் போகும் இடம் அது. யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடும் பெரிய மெஷின் ஒன்று, அதிலிருந்து ஒயர் இழுத்து நாலு டெர்மினல். நானும் ஜாபரும் வெளி ஹாலில். சிஸ்டம் பொறுப்பில் இருந்த தனபாலன் சார் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையில், ஏ.சி.க்குப் பக்கத்தில். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவர் 'சார்', நான் 'ஏம்மா'.

பிளாப்பியைப் பார்க்காத தலைமுறை வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பளம் போல மெல்லிசாக ஒரு தட்டு, அதற்குக் கறுப்பு அட்டையில் ஓர் உறை. அதை டிரைவுக்குள் சொருகினால் மட்டும் போதாது, யூனிக்ஸ் அதைச் சீந்தாது. 'மவுண்ட்' என்று கட்டளை கொடுத்து அதை மெஷினோடு சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் 'அன்மவுண்ட்' கொடுத்துப் பிரித்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் இதற்கு ஏத்துறது, எறக்குறது என்று பெயர். பஸ் மேல் மூட்டை ஏற்றி இறக்குவது மாதிரி. இறக்காமல் பிடுங்கினால் வினைதான். ஏனென்றால் நாம் எழுதியதை எல்லாம் அந்த மெஷின் அப்போதைக்கப்போது பிளாப்பியில் எழுதிவிடாது. கொஞ்சத்தைத் தன் மனசுக்குள் வைத்துக்கொண்டு, சாவகாசமாக எழுதும். பிளாப்பியை நாம் உருவிவிட்டோம் என்பதும் அதற்குத் தெரியாது. பழையது உள்ளேயே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வேறொரு பிளாப்பியைச் சொருகினால், பழையதில் எழுத வேண்டிய பாக்கியைப் புதியதன் தலையில் எழுதி அதையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஏற்றுவதும் இறக்குவதும் தனபாலன் சார் ஒருவரால்தான் முடியும். அதற்கான பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும்தான் இருந்தது. "கேட்டுட்டு ஏத்தணும், சொல்லிட்டு எறக்கணும்" என்பது அவருடைய வேதவாக்கு. மலரில் இரண்டு பேர் இதை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். நல்ல வாக்கியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு அவர் அறை வாசலில் எத்தனை தடவை நின்றிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கண்ணாடி வழியாக நான் நிற்பது தெரியும். பக்கத்தைத் திருப்புவார். அந்தப் பக்கத்தில் வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடித்த பிறகு, "என்னம்மா, ஏத்தணுமா?" என்று இப்போதுதான் பார்த்தவர் போலக் கேட்பார்.

பாஸ்வேர்ட் போதாதென்று இன்னொரு வித்தையும் வைத்திருந்தார். ஒரு பிளாப்பிக்குள் யாராவது உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தால் யூனிக்ஸ் அதை இறக்க விடாது. ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிடும். தனபாலன் சார் தன் டெர்மினலில் எங்கள் பிளாப்பிக்குள் போய் நின்றுகொள்வார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா நிற்பார். பிறகு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் திரும்பி வந்து நகர்ந்தால்தான் பிளாப்பி வெளியே வரும். ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதாவது உட்காருவதற்காக. இவர் அடுத்தவன் எழுந்து போகாமல் இருக்கத் துண்டு போட்டார்.

ஒருமுறை டி. கல்லுப்பட்டிப் பக்கத்து மில்லில் இருந்து ஒரு சூப்பர்வைசர் தன் பிளாப்பியை வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். வயசான மனுஷர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தவித்தார். சார் அறையைப் பூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் அந்த வெயிலில் மண்டபத்தைத் தேடிப் போனேன். பந்தியில் நடு இலையில் உட்கார்ந்திருந்தார்.

"சார், கல்லுப்பட்டிக்காரர் வந்திருக்கார். பிளாப்பி எறங்க மாட்டேங்குது. நீங்க உள்ள நிக்கிறீங்க."

"அதுக்கு இம்புட்டு தூரம் வந்தியா? இரு, சாப்பிட்டு வாரேன்."

"சாவியாவது குடுங்க சார். நான் போய்..."

"சாவி குடுத்தா நீ சிஸ்டமா, நான் சிஸ்டமா?" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைப் பார்த்து, "அண்ணே, இங்க பாயசம் வரல" என்றார்.

கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கல்யாணத்துக்குக் கூப்பிடாத பெண் ஒருத்தி எச்சில் கைகளுக்கு நடுவில் நிற்பதை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அன்றைக்கு அந்த மொழியில் எனக்குத் தெரிந்த வசவு அத்தனையும் வாய்க்குள்ளேயே சொல்லித் தீர்த்தேன். அவருக்கு அது புரியாது என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. சார் இரண்டாம் தடவையும் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, நிதானமாக நடந்து வந்தார். கல்லுப்பட்டிக்காரர் அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனார்.

வேலை தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நன்றாகத் தெரிந்தவர். கரண்ட் போய் மெஷின் பாதியில் விழுந்துவிட்டால், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து, சிதறிக் கிடக்கிற ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து அவரவரிடம் சேர்ப்பார். அப்போது மட்டும் அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஒரு தடவை ஜாபர் அழுகிற நிலைக்கு வந்துவிட்ட ஒரு வேலையைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டு, "மெஷின் பொய் சொல்லாதுடா, மனுஷன்தான் சொல்லுவான்" என்றார். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், தெரியாதவர் செய்த தப்பை மன்னித்துவிடலாம். இவர் தெரிந்தவர்.

அந்த வருஷம் எனக்கு ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு நூற்பாலையின் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் எந்தப் பிரிவு, எப்போது சேர்ந்தவர், என்ன வேலை என்று முழு விவரமும் மெஷினில் பதிந்து, அதை வரிசைப்படுத்தித் தருகிற புரோகிராமையும் நானே எழுத வேண்டும். ஆடியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும் அதுதான் என் மூச்சு. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இதை நல்லபடியா முடிச்சுக் குடும்மா. விஜயதசமியன்னிக்கு உன்னைப் பெர்மனென்ட் பண்ணிடுறேன்" என்றார். என் அண்ணன் அதற்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தான். வேலை நிரந்தரமானால் வேலைக்குப் போகிற பெண்ணாகவே கட்டிக்கொடுப்போம், இல்லையென்றால் டெம்பரவரி உத்தியோகத்துக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வா என்று வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. எனக்கு அந்த டெர்மினல் முன்னால் உட்காருவது அவ்வளவு பிடித்திருந்தது. நான் எழுதியது ஓடி, பேர்கள் வரிசையாக இறங்கும்போது வருகிற சந்தோஷத்தை வீட்டில் எந்தப் பாஷையில் சொல்லியும் புரியவைக்க முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முன்னால் வீட்டை ஒட்டடை அடிப்பது போல மெஷினையும் சுத்தம் பண்ண வேண்டும் என்று தனபாலன் சார் உத்தரவு போட்டார். உள்ளே இருக்கிற எங்கள் ஃபைல்களை எல்லாம் அவரவர் பிளாப்பிக்கு மாற்றிக்கொண்டு, இடத்தைக் காலி பண்ண வேண்டும். மாவிலைத் தோரணம் கட்டி, வாழைக்கன்று நிறுத்தி, மெஷினுக்கே மாலை போட்டாயிற்று. திரையில் நட்சத்திரக் குறிகளால் ஓம் வரைந்து வைத்திருந்தார் சார், அதனால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கடைசி ஆளாக என் ஃபைல்களைப் பிளாப்பிக்கு மாற்றி, மெஷினில் இருந்ததை அழித்து முடித்தேன். இதோடு ஒரு நகலும் வேறு பிளாப்பியில் எடுத்து மேஜை மேல் வைத்திருந்தேன். ஒன்று கெட்டால் இன்னொன்று என்று.

"சார், என் பிளாப்பியை எறக்கணும்" என்று அவர் அறை வாசலில் போய்ச் சொன்னேன். பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி வந்துட்டார்ம்மா. பூஜை முடிச்சுப் பாப்போம். நீ போய்க் கைகால் கழுவிட்டு வா."

"ஒரு நிமிஷம்தான் சார்."

"அடடா, ஒனக்கு எப்பப் பாத்தாலும் அவசரம்! அவசரப்பட்டவன் அழிச்சவன். போ."

போனேன். நான் பொரியும் கடலையும் தட்டில் அள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது, ஆபீஸில் இருந்த அத்தனை பிளாப்பிகளும் வாழையிலை மேல் விசிறி போல அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார் சார். ஆயுதம் என்றால் ஒன்று விடாமல் சாமி முன்னால் வைக்க வேண்டும் அல்லவா. கடைசியாக டிரைவ் பக்கம் போனார். அதன் வாயில் என் பிளாப்பி இருந்தது. கொக்கியைத் திருப்பி, உருவி, பொட்டு வைத்து, இலையில் வைத்தார். 'ஏத்தியிருக்கிறதைத் தொட்டா விரலை ஒடிப்பேன்' என்று எங்களிடம் சொன்னவரின் அதே கை.

"சார்!" என்றேன்.

ஒரு விரலை உதட்டில் வைத்துச் சும்மா இரு என்று சைகை காட்டினார். முதலாளி கையில் தீபத் தட்டு, வாயில் சுலோகம். மெஷின் வெறும் வாயோடு பூஜைக்கு நிற்கக்கூடாது என்று சாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இலையில் இருந்து பெரிய பொட்டாக விழுந்திருந்த ஒரு பிளாப்பியை எடுத்து டிரைவுக்குள் சொருகி மூடினார். அது என்னுடைய நகல். கற்பூரம் காட்டினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பிறகு, ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று மெஷினை முறைப்படி நிறுத்தினார் சார். நிற்பதற்கு முன்னால் அது தன் மனசுக்குள் வைத்திருந்த பாக்கியை எல்லாம் எழுதித் தீர்த்துவிட்டுத்தான் நிற்கும். எழுதியது, பழைய பிளாப்பியின் கணக்கை நகலின் மேல்.

விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டுவிட்டு முதல் வேலையாக என் பிளாப்பியை ஏற்றினார்கள். ஏறவில்லை. நகலை ஏற்றினார்கள். அதுவும் ஏறவில்லை. தனபாலன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் பொறுக்கிப் பார்த்தார். அரையும் குறையுமாக நாலு பெயர்கள் வந்தன, அவ்வளவுதான். நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி வந்து கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். "அந்தம்மா டெர்மினல்ல இருந்து ஏத்தினதுங்க. எறக்காம விட்டிருக்காங்க."

"ஏத்துற, எறக்குற பாஸ்வேர்டே என்கிட்ட இல்லையே சார்! உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்கதான் பூஜை முடிச்சுப் பாப்போம்னீங்க. அப்புறம் நீங்களே பொட்டு வைக்க உருவினீங்க. நான் பாத்தேன்."

முதலாளியின் முகம் மாறிவிட்டது. அவருக்கு மவுண்ட் தெரியாது, அன்மவுண்ட் தெரியாது. பூஜை தெரியும். "ஏம்மா, சாமி காரியத்தைக் குத்தம் சொல்றியா? நான் கையால கற்பூரம் காட்டின பூஜை. அதுல கெட்டுப்போச்சுங்கிறியா?" என்றார்.

"பூஜையைச் சொல்லலிங்க. எறக்காம எடுத்ததைச் சொல்றேன்."

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார். தனபாலன் சார் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நீ எடுத்தியா?" என்று கேட்டார்.

அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் சந்தனம் காய்ந்திருந்த தன் விரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டே, "பொட்டு வச்சேங்க. மத்தபடி எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் பண்ணல" என்றார். ஜாபர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவனும் பார்த்தவன்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

மில் கொடுத்த பேப்பரை வைத்து முதலில் இருந்து மறுபடி பதிந்து தருகிறேன், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கெஞ்சினேன். மில்காரர்கள் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். என்னை மறுநாளில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி. அதன் பிறகு இந்த ஊரில் நான் ஏறி இறங்காத கம்ப்யூட்டர் சென்டர் இல்லை. "மேலமாசி வீதியில இருந்தவங்கதானே நீங்க?" என்று கேட்டுவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அண்ணன் ஜெயித்தான். என் கல்யாணம் நடந்தது, வீட்டுக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் பிறந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். கடைசி வரைக்கும் கம்ப்யூட்டர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அது பெரிய நஷ்டமா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், பெரிய நஷ்டம்தான்.

ஜாபர் மட்டும் தொடர்பு விடாமல் இருந்தான். ரொம்ப நாள் கழித்து ஒரு நோன்புப் பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தானாகவே அந்தப் பேச்சை எடுத்தான். "நானும் பாத்தேன்க்கா. ஆனா பூஜையிலதான் கெட்டுச்சுன்னு நான், அதுவும் நான் சொன்னா எப்படி இருந்திருக்கும் அங்க? மாஃப் பண்ணிருங்கக்கா." அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் மேல் எனக்கு அன்றைக்கே கோபம் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர்தான். அவர் சொல்லியிருந்தால் அவர் வேலை போயிருக்குமா என்றால், போயிருக்காது. அவர் இல்லாமல் அந்த மெஷின் ஓடாது. இரண்டு திட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான். இரண்டு திட்டுக்குப் பயந்து என் பிழைப்பில் மண்ணைப் போட்டார்.

பல வருஷம் கழித்து மாட்டுத்தாவணியில் அவரைப் பார்த்தேன். பஸ் நிலையம் அங்கே மாறியிருந்த புதிது. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டார், ஒளிய இடமில்லை.

"என்ன சுலோச்சனா, நல்லா இருக்கியா?"

"இருக்கேன் சார். ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பஸ் எடுக்கப் போறான்மா" என்றார். திருமங்கலம் பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது, டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார். படியில் கால் வைத்தபடியே திரும்பி, "எல்லாம் நல்லதுக்குத்தான்னு எடுத்துக்கணும்மா" என்றார். எவ்வளவு திமிர்! யாருடைய நல்லதுக்கு? ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். டிரைவர் டீ குடித்து வரும் வரைக்கும் நான் அங்கேயேதான் நின்றேன்.

அதன் பிறகு என் மனசே எனக்கு எதிராக வாதாட ஆரம்பித்தது. பக்தி வெறியில், முதலாளி நிற்கிற பதற்றத்தில், எதை உருவினோம் என்றே அந்த மனுஷருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். நிஜமாகவே நான்தான் விட்டுவிட்டேன் என்று நம்பியிருக்கலாம். தெரியாமல் செய்த ஒருவரை இத்தனை வருஷம் கரித்துக்கொட்டுவது பாவமில்லையா என்று யோசித்துப் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறது. அவர் பக்கம் ஒரு சின்ன நியாயத்தை நானாகத்தான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவர் செத்த செய்தியை ஜாபர் சொன்ன அன்றைக்கும் அந்த நியாயம் என்னிடம் இருந்தது. அதனால்தான் துக்கம் கேட்கவே போனேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஆனையூரில் இருக்கிற அவர் வீட்டுக்கு ஜாபரோடு போனேன். மாலை போட்ட படத்தில் சார் கண்டிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நல்ல மாதிரி, பேச்சுக்கு ஏங்கிப் போயிருந்தார். நான் பெயரைச் சொல்லவில்லை. ஜாபர், "இவங்களும் சார் கூட வேலை பாத்தவங்க" என்று மட்டும் சொன்னான். காபி கொடுத்தார், குடித்தேன். மூலையில் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. என் கண் அங்கே போனதைப் பார்த்துவிட்டார்.

"அம்புட்டு பக்திங்க அவருக்கு. ஆனா ஆயுத பூஜைக்கு இதுகிட்ட மட்டும் என்னை விடவே மாட்டார். சைக்கிளுக்கு வை, அருவாமனைக்கு வை, கம்ப்யூட்டரைத் தொடாதேம்பார். ஒரு வருசம் அவர் இல்லாதப்ப நான் பொட்டு வச்சு, அதுக்குள்ள இருந்த பிளாப்பியையும் எடுத்துச் சாமிகிட்ட வச்சிட்டேன். வந்து பாத்தாரு பாருங்க, அப்படி ஒரு கோவம். 'என் கையால ஒரு பொண்ணு வேலை போனது பத்தாதா'ன்னு கத்துனாரு. கத்திட்டு அப்படியே உக்காந்துட்டாரு. யாருங்க அதுன்னு கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லல."

ஜாபர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க அங்க இருந்தவங்கதானே. யாரு அந்தப் பொண்ணுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது, அந்த வழக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு எழுந்து வந்துவிட்டேன். தெருவில் இறங்கியதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாட்டுத்தாவணியில் படியில் கால் வைத்து நின்றபோது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதலாளி முன்னால் நகத்தைச் சுரண்டியபோதே தெரிந்திருக்கிறது. என் பெயரை இந்த ஊர் தூற்றிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் அவருக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்த சின்ன நியாயத்தை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவரை நீங்கள் எல்லோரும் எதற்காகவாவது நினைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது அவர் வீட்டுக்குள் கத்திய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான். அது என்னிடம் சொல்லியிருக்க வேண்டியது, எனக்குச் சொந்தமானது. மன்னித்தேனா என்றால், இல்லை. கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன், கேட்கவில்லை.

அம்மா, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீங்கள் கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பெண் நான்தான். என் பெயர் சுலோச்சனா.